தண்ணீர் லாரிகளின் அடிச்சட்டப் பழுதும் வெட்டி இணைக்கும் முறையும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: அடிச்சட்டம், தண்ணீர் லாரி, துரு, பற்றவைப்பு, தகுதிச் சான்று

முன்னுரை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் கோடையில் தண்ணீர் லாரிகளைப் பெரிதும் நம்பியுள்ளன. 2019ஆம் ஆண்டு வறட்சியில் இச்சார்பு மேலும் வெளிப்பட்டது. 12,000 லிட்டர் நீரின் எடை மட்டுமே 12 டன். கசியும் நீரால் அடிச்சட்டம் ஓயாமல் நனைகிறது. தொட்டிக்குள் அலையும் நீர் அதனை மாறிமாறி வளைக்கிறது. துருவும் உலோகச் சோர்வும் சேரும்போது வெடிப்பு தோன்றுகிறது. அவ்வாறு பழுதுற்ற சட்டத்தை வெட்டி இணைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தின் அமைப்பும் விசையும்

பட்டறைகளில் 'சேஸ்' எனப்படும் அடிச்சட்டம் ஏணி போன்றது. அதன் இரு நெடுஞ்சட்டங்களும் பகர வடிவினவற்றைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போன்ற குறுக்குவெட்டு உடையவை: நிமிர்ந்த நடுப்பட்டை ஒன்று, மேலும் கீழும் விளிம்புப் பட்டைகள் இரண்டு. வளைவின்போது ஒரு விளிம்பு அமுக்கப்படும், மற்றொன்று இழுக்கப்படும். நடுப்பட்டையின் மையத்தில் வளைவுத் தகைவு மிகக் குறைவு. ஆகவே விளிம்புகளில் செய்யப்படும் பிழையே மிகுந்த தீங்கு விளைவிக்கும்.

வெட்டும் முறை

செங்குத்தாக வெட்டினால் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பகுதி முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் அமைந்துவிடும். 45 பாகைச் சாய்வில் வெட்டினால் நடுப்பட்டையில் பற்றவைப்பின் நீளம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். சட்டத்தின் உயரம் 200 மி.மீ. எனில், மேல் விளிம்பின் வெட்டும் கீழ் விளிம்பின் வெட்டும் 200 மி.மீ. இடைவெளியில் அமையும், இரு விளிம்புகளும் ஓரிடத்தில் வலுவிழப்பதில்லை. வில் தாங்கிகள், குறுக்குச் சட்ட இணைப்புகள், ஸ்டீயரிங் பெட்டி ஆகியவற்றின் அருகில் வெட்டுதல் கூடாது.

பற்றவைப்பு

வெட்டுவதற்கு முன் சட்டத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, மூலைவிட்ட அளவுகள் இரண்டும் சமமா எனச் சரிபார்த்தல் வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, எரிபொருள் தொட்டியையும் பிரேக் குழாய்களையும் அகற்றுதல் இன்றியமையாதது. விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, உலோகம் முழுத்தடிப்பிலும் ஊடுருவுமாறு பற்றவைக்க வேண்டும். இ-7018 போன்ற குறை-ஹைட்ரஜன் மின்கம்பிகள் ஈரத்தை உறிஞ்சினால் பற்றவைப்பில் மறைவெடிப்புகள் உண்டாகலாம். கடற்கரைக்கு அண்மையிலுள்ள இவ்வட்டாரத்தின் ஈரக்காற்றில் அவற்றை உலர்த்தியே பயன்படுத்துதல் வேண்டும். வலுவூட்டும் தகட்டின் முனைகள் சாய்வாக முடிய வேண்டும். திடீரென முடியும் தகடு அவ்விடத்திலேயே புதிய வெடிப்பைத் தோற்றுவிக்கும். இறுதியில் சாய ஊடுருவல் சோதனை செய்து, துருத்தடுப்புப் பூச்சு இடலாம்.

முறையின் எல்லை

வெப்பப் பதப்படுத்திய உயர்வலிமை எஃகு, பற்றவைப்பின் வெப்பத்தால் தன் வலிமையை இழக்கும். இத்தகைய சட்டங்களிலும், துரு நீளமாகப் பரவித் தடிப்புக் குறைந்த சட்டங்களிலும் நெடுஞ்சட்டத்தையே மாற்றுதல் தக்கது. சேஸ் எண் பொறித்த பகுதியை வெட்டுதலோ தேய்த்தலோ ஆகாது. வாகனத்தின் அடையாளமே அது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 56ஆம் பிரிவின்படி போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயம்.

முடிவுரை

வண்ணம் பூசிய பின் நல்ல இணைப்பும் தீய இணைப்பும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆகவே வெட்டிய இடம், கோணம், பயன்படுத்திய மின்கம்பி, சோதனை முடிவு ஆகியவற்றைப் பட்டறையினர் எழுதி உரிமையாளரிடம் அளிப்பது நலம். நெருக்கமான தெருக்களில் இவ்வூர்திகளோடு செல்லும் மக்களின் உயிர் அவ்விணைப்பைச் சார்ந்துள்ளது.