மோட்டார் சைக்கிளின் மெருகு

காலை வேளையில் தில்லி கரோல்பாக்கின் சந்துகளில் நடப்போர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். இரவெல்லாம் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் மீது மெல்லிய புழுதி படிந்திருக்கும். அலுவலகத்திற்குப் புறப்படும் அவசரத்தில், வண்டிக்கு உடையவர் ஒரு பழந்துணியை எடுத்துப் பெட்ரோல் தொட்டியை வட்ட வட்டமாகத் துடைப்பார். வண்டி பளிச்சென்று தோன்றும். அவரும் மனநிறைவோடு ஏறிச் செல்வார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், கறுப்பு வர்ணம் சாம்பல் பூத்திருக்கும். அதில் தெரியும் சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலக் கீறல்கள் பின்னியிருக்கும். நாள்தோறும் அன்போடு துடைத்த கையே மெருகை அழித்தது என்றால் நம்புவது கடினம். எனினும் உண்மை அதுவே. இது எவ்வாறு நேர்கிறது, இழந்த மெருகை எவ்வாறு மீட்பது, மீட்டதை எவ்வாறு காப்பது என்பவற்றை இங்கே காண்போம்.

முதலில் மெருகு என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அது வர்ணத்தின் மீது பூசப்படும் ஒரு பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். மெருகு என்பது பரப்பின் சமநிலையே அன்றி வேறில்லை. காற்றில்லாத வேளையில் தெப்பக்குளம் கோபுரத்தை அப்படியே காட்டும். சிறு காற்று வீசினாலும் பிம்பம் சிதறிவிடும். நீர் மாறவில்லை, அதன் பரப்புத்தான் மாறியது. வண்டியின் வர்ணமும் இத்தகையதே. அதன் மீது நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. எஞ்சியது உள்ளே நுழைந்து, வர்ணத் துகள்களைத் தொட்டு, நிறத்தைச் சுமந்துகொண்டு வெளிவருகிறது. மேற்பரப்பில் கீறல்கள் மலிந்திருந்தால், அங்குத் திரும்பும் ஒளி நாற்புறமும் சிதறி, வெண்மையான மூட்டமாக நிறத்தின் மீது கவிகிறது. உலர்ந்த அம்மிக்கல் வெளுத்துக் காண்பதும், நீர் தெளித்ததும் அதே கல் கருமை கொள்வதும் இக்காரணத்தால்தான். கல்லின் நுண்குழிகளை நீர் நிரப்பிச் சமமாக்கிவிடுகிறது. ஆகவே ஆழ்ந்த மெருகு வேண்டுவோர் புதிதாக ஒன்றைச் சேர்க்க முயல்வதைவிட, மேடுபள்ளத்தைக் களைய முயல வேண்டும்.

களைவதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இக்கால வண்டிகளில் தகட்டின் மீது அடிப்பூச்சும், அதன் மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற தெளிபூச்சும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு தாளின் கனமே தேறும். தெளிபூச்சு மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், நம் வண்டியின் அழகெல்லாம் ஒரு மயிரிழையினும் மெல்லிய ஏட்டில் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஏட்டில் சிறிதளவு தேய்ந்து போகிறது. மெருகேற்றுதல் என்பது முதலைச் செலவிடுதல், வட்டி வருவதில்லை.

பழைய வண்டிகள் பலவற்றில் தெளிபூச்சே கிடையாது, நிறப்பூச்சே மேற்பரப்பு. எவ்வகை என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிட்டால் தெளிபூச்சு உண்டென்று கொள்ளலாம்.

இனிச் செயல்முறைக்கு வருவோம். புழுதியில் கலந்திருக்கும் மணற்பொடி வர்ணத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. உலர்ந்த துணியால் அதை இழுப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். எனவே கழுவாமல் துடைக்கலாகாது. வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சின் நன்கு ஆறிய பின், முதலில் வெறும் நீரை மேலிருந்து ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் வாகனத்திற்கென விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றதில் வெறும் நீர். துணியைச் சோப்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி அழுக்கை விட்டுவிட்டு, மீண்டும் சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். சக்கரங்களையும் மட்கார்டின் உட்புறத்தையும் இறுதியில், வேறொரு துணியால் கழுவுக. தரையில் விழுந்த துணியை அன்று மீண்டும் வர்ணத்தில் தொடலாகாது.

கழுவி உலர்த்திய பின், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தொட்டியை மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். சாலைத் தாரும் தொழிற்சாலைப் புகைத் துகளும் ஒட்டிய இடங்கள் அவை. இவற்றை நீக்க ‘கிளே பார்’ என்னும் மெழுகுக் களிமண் போன்ற கட்டி கிடைக்கிறது. பரப்பை ஷாம்பு நீரால் நன்கு வழுக்கலாக்கி, அக்கட்டியை அழுத்தாமல் நகர்த்தினால் துகள்கள் அதில் ஒட்டிவரும்.

அதன் பின்னரே மெருகேற்றுதல். இதற்கான பசைகளில் நுண்ணிய அராவு துகள்கள் உள்ளன. ‘காம்பவுண்டு’ சற்று முரடானது, ‘பாலிஷ்’ மென்மையானது. முதலில் மென்மையானதையே ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். அது போதுமானால் மற்றது வேண்டுவதில்லை. பஞ்சுத் திண்டில் பட்டாணி அளவு பசை எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் சீராகத் தேய்த்து, தூய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச்சு விளக்கைச் சாய்வாகக் காட்டிப் பாருங்கள். கீறல் மங்கியிருந்தால் அடுத்த இடத்திற்குச் செல்லலாம். நகத்தால் வருடும்போது நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழ்ந்த கீறலைத் தேய்த்துப் போக்க முயலலாகாது. கீறல் மறையுமுன் பூச்சு மறைந்துவிடும்.

இங்கே நம் பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சென்னையை அடுத்த திருவொற்றியூரில், 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் செய்து வெளியிட்ட புல்லட் வண்டிகளுள் ஒன்று நம் தந்தையாருடையது. அவர் காலத்திற்குப் பின் அதை ரயிலில் ஏற்றித் தில்லிக்குக் கொண்டுவந்தோம். பொங்கலுக்குள் பளபளக்கச் செய்துவிட வேண்டும் என்ற வேகத்தில், ஒரு பிற்பகல் முழுதும் காம்பவுண்டு கொண்டு தேய்த்தோம். தொட்டியின் விளிம்பில் பூச்சு எப்போதுமே மெல்லியது. மேடான இடத்தில் கையின் அழுத்தமோ மிகுதி. திடீரெனத் துணியில் பொன்னிறம் தெரிந்தது. கையால் இழுத்த பொற்கோட்டில் ஒரு விரலளவு போய்விட்டது; அதனடியில் சாம்பல் நிற அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. வண்டி எங்கும் பளபளத்தது. ஆனால் தந்தையார் ஞாயிறுதோறும் ஈரத்துணியால் மெல்ல ஒற்றிக் காத்த கோடு போனது போனதுதான். அந்த இடத்தைத் திரும்பப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறோம். ஆகவே விளிம்புகளிலும், கோடுகளிலும், சின்னங்களின் ஓரத்திலும் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்த பின்னரே தேய்க்கத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.

மெருகேறிய பரப்பைக் காப்பது மெழுகின் பணி. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. மெல்லிதாகப் பூசி, உலர்ந்து மங்கியதும் துடைத்தால் போதும். கனமாகப் பூசுவதால் பயனில்லை. வெயிலைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் இரண்டொரு மாதங்கள் வரை அது நிற்கும். செயற்கைப் பூச்சுகள் அதனினும் நெடிது நிற்பன. சில இடங்களில் டீசலைத் தடவித் துடைத்துத் தருவர். அந்தப் பளபளப்பு எண்ணெயின் பளபளப்பே. மாலைக்குள் தெருப்புழுதியை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

சில எச்சரிக்கைகள். மெழுகோ பாலிஷோ பிரேக் தட்டிலும், டயரிலும், இருக்கையிலும் படக்கூடாது. பிரேக் வழுக்கினால் இழப்பு வர்ணத்தோடு நிற்பதில்லை. பிரேக் எண்ணெய் வர்ணத்தை அரிக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவுக. பறவை எச்சத்தையும் அவ்வாறே ஊறவைத்து நீக்குக, சுரண்டாதீர். பளபளப்பற்ற ‘மாட்’ வர்ண வண்டிகளுக்கு மெருகேற்றலே ஆகாது. தேய்த்த இடம் திட்டாகப் பளபளத்து என்றும் மாறாது நிற்கும்.

வாழும் ஊருக்கேற்பவும் கவனம் வேறுபடும். மும்பை மாட்டுங்காவில் வாழ்வோர்க்குக் கடற்காற்றின் உப்பும் மழைக்காலமும் பகை. மழைக்கு முன் ஒருமுறை மெழுகிடுதல் நன்று. தில்லியில் குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீராதலால், கழுவிய ஈரம் வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கிவிடும். உடனுக்குடன் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

தேய்ப்பது ஆண்டுக்கு ஒருமுறையும் தேவைப்படாமற் போகலாம். கழுவுவதும் காப்பதும் வாரந்தோறும் வேண்டியவை. அடுத்த ஞாயிறு காலை வண்டியின் அருகே செல்லும்போது உலர்ந்த துணியை உள்ளேயே வைத்துவிட்டு, இரண்டு வாளி நீரை எடுத்துச் செல்லுங்கள்.