மூத்த குதிரையில் சவாரி: எதுவரை?

சவாரிக்கோ வண்டிக்கோ பழக்கப்பட்ட குதிரையின் வேலையை எந்த வயதில் நிறுத்துவது என்பது குதிரை வளர்ப்போர் அனைவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்வியாகும். நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை உயிர் வாழும். ஆனால் அரசு ஊழியருக்கு இருப்பது போன்ற ஓய்வு வயது குதிரைக்கு இல்லை. 14 வயதிலேயே தளர்ந்துபோன குதிரையும் உண்டு. 22 வயதில் குழந்தைகளைச் சுமந்து அமைதியாக நடக்கும் குதிரையும் உண்டு. இங்கிலாந்தில் படகு இழுத்த 'ஓல்டு பில்லி' என்ற குதிரை 62 ஆண்டுகள் வாழ்ந்து 1822இல் இறந்தது. அது அபூர்வம். அதை அளவாகக் கொள்ள முடியாது. பொதுவாக 15 வயதைத் தாண்டிய குதிரையை மூத்த குதிரையாகக் கருதி, கூடுதல் கவனத்துடன் பார்த்துவர வேண்டும் என்பர்.

காயலில் இறங்கிய குதிரைகள்

சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு வடகிழக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கும் பழையகாயல், பாண்டியர் காலத்தில் காயல் என்னும் பெரிய துறைமுகமாக விளங்கிற்று. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் இதுவே என்று அடையாளம் காட்டியவர், சாத்தான்குளத்துக்குத் தொலைவில் இல்லாத இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்.

அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் இங்கே கப்பல் கப்பலாக வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை பேசப்பட்டதாகவும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து பணம் தரப்பட்டதாகவும் எழுதுகிறார். இவ்வளவு விலை கொடுத்தும் குதிரைகள் நிலைக்கவில்லை. வந்தவற்றில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் எஞ்சின என்றும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். வஸ்ஸாஃப் தரும் காரணம் இன்னும் கூர்மையானது. குதிரைக்குப் பொருந்தாத உணவைக் கொடுத்து, லாயத்தில் கட்டியே வைத்திருந்து, பிறகு திடீரெனக் கடுமையாக ஓட்டினார்கள். அதனால் அவை விரைவில் பயனற்றுப் போயின என்பது அவருடைய குறிப்பின் சாரம்.

இருவரும் அயல்நாட்டார், சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆயினும் அவர்கள் சுட்டும் பிழை மூத்த குதிரை வைத்திருப்போரிடம் இன்றும் காணப்படுகிறது. சிலர் குதிரை விழும்வரை ஓட்டுகிறார்கள். வேறு சிலர் இரக்கத்தால் ஒரே நாளில் வேலையை நிறுத்தி முளையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே குதிரையைக் கெடுக்கும். நடமாட்டம் நின்றால் மூட்டுகள் இறுகும், தசை கரையும், குடல் மந்தமாகி வயிற்றுவலி வரும்.

பல்லும் வயதும்

வாங்கியவரின் கையில் பிறப்புச் சான்று இருப்பது அரிது. எனவே வயதைப் பல்லில் பார்ப்பதே வழக்கம். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்ற பழமொழி இந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். குதிரையின் நிலையான வெட்டுப்பற்கள் ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் இணை இணையாக முளைக்கின்றன. அதன்பின் தேய்மானத்தைக் கொண்டு மதிப்பிடுவர். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் 10 வயதளவில் ஈறருகே ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15 வயதில் அது பாதிப் பல் வரையும், 20இல் பல்லின் நுனி வரையும் இறங்கியிருக்கும். பின்னர் மேலிருந்து மறையத் தொடங்கி, 30 வயதளவில் இல்லாமற் போகும். இது தோராயக் கணக்கே. மணல் கலந்த தீவனம் தின்னும் குதிரைக்குப் பல் வேகமாகத் தேயும்.

கடைவாய்ப் பற்கள் சீரற்றுத் தேய்ந்தால் ஓரங்கள் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று குதிரையைக் கேலி செய்வதுண்டு. கொள்ளுக்கும் வாய் திறக்கத் தயங்கும் குதிரைக்கு வந்திருப்பது பெரும்பாலும் பல்வலி. பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புவதும், சாணத்தில் முழுத் தானியம் காணப்படுவதும் அதன் அடையாளங்கள். இத்தகைய குதிரை முதுமையால் மெலிந்தது என்று எண்ணி ஓய்வு கொடுப்பவர்கள் பலர். பல்லை அராவிச் சரிசெய்து, ஊறவைத்த தீவனம் கொடுத்தால் சில மாதங்களில் உடல் தேறிவிடுவதுண்டு.

வேலைக்கு மறுநாள் காலை

முடிவெடுக்கப் பெரிதும் உதவுவது வயதல்ல. வேலை செய்த மறுநாள் காலையில் குதிரை எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது என்பதுதான். லாயத்திலிருந்து வெளியே வரும்போது முதல் சில அடிகள் விறைப்பாக இருந்து, ஐந்து பத்து நிமிட நடையில் சரியானால் அது வயதுக்குரிய மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மிதமான வேலை அதற்கு நல்லதே. நடக்க நடக்க நொண்டல் கூடினால் அன்று சவாரி கூடாது. மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இளைப்பு ஆறும் நேரமும் நல்ல அளவுகோல். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். தாடையெலும்பின் உட்புறம் விரல் வைத்தால் இதை எண்ணலாம். மிதமான சவாரி முடிந்து பத்துப் பதினைந்து நிமிடங்களில் நாடி 60க்குக் கீழே இறங்க வேண்டும். முன்பு இறங்கியது இப்போது இறங்கவில்லை என்றால் நேற்றைய வேலை இன்றைக்கு அதிகம் என்று பொருள். ஒரு பள்ளி நோட்டில் தேதி, தூரம், நாடி ஆகிய மூன்றை மட்டும் எழுதிவந்தாலே ஆறு மாதத்தில் தெளிவான படம் கிடைத்துவிடும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. சேணம் வைக்கும்போது காதை மடக்குவதும் முதுகை இறக்குவதும் வலியைக் காட்டும். முதுகுத் தசை கரைந்து தண்டெலும்பு மேலே தெரிந்தால் பழைய சேணம் பொருந்தாது, புண் உண்டாகும். சமதரையில் அடிக்கடி இடறுவது, ஒரு பக்கமாகத் திரும்ப மறுப்பது, அந்தி வெளிச்சத்தில் பழகிய பொருளைக் கண்டே மிரள்வது ஆகியவற்றைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்கக் கூடாது. கண் மங்கிய குதிரையும் இடறும் குதிரையும் மேலே இருப்பவருக்கும் ஆபத்து. கோடையிலும் நீண்ட முடி உதிராமல் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். 15 வயதுக்கு மேல் இது வருவதுண்டு. குளம்பு அழற்சியில் கொண்டுபோய் விடும் என்பதால் அலட்சியம் ஆகாது.

எதை முதலில் விடுவது

வேலையை நிறுத்துவதற்கு முன் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் விடவேண்டியது வேகம். அடுத்து தாண்டுதலும் மேடு இறங்குதலும். அதன்பின் தூரம்.

நிலத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே செம்மணல் மேடுகளாகப் பரந்திருக்கும் நிலத்துக்குக் குதிரைமொழித் தேரி என்று பெயர். பெயரில் குதிரை இருந்தாலும் மூத்த குதிரைக்கு ஏற்ற நிலம் அதுவன்று. புதையும் மணலில் ஒவ்வோர் அடிக்கும் கால் தசைநாண்கள் கூடுதலாக இழுபடும். மூச்சும் விரைவில் வாங்கும். கருமேனியாற்றுப் பக்கத்துக் கெட்டியான மண்பாதை அதைவிட நல்லது. நண்பகல் வெயிலில் சவாரி வேண்டாம். வியர்வையோடு உப்பும் போவதால் தண்ணீருடன் சிறிது உப்பும் தரவேண்டும்.

சுமைக்கு ஒரு கணக்கு உண்டு. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 70 கிலோ. சேணம் 10 கிலோ என்றால் ஏறுபவர் 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டு மட்டக்குதிரைகள் பலவற்றின் எடை இதைவிடக் குறைவு. மூத்த குதிரைக்கு இந்த வரம்பையும் குறைத்துக்கொள்வதே முறை. பெரியவர்களைச் சுமக்க முடியாத குதிரை சிறுவர்களைச் சுமக்கலாம். அதுவும் முடியாதபோது கயிற்றைப் பிடித்து வெறுமனே நடத்திச் சென்றால் போதும்.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், வயது, நோய், புண் முதலிய காரணங்களால் வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு குதிரையின் ஒருநாள் தீவனத்துக்குக்கூட அது போதாது. சட்டம் பயமுறுத்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஓய்வு கொடுத்த பிறகு

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேலை செய்யாத குதிரையும் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் நாள்தோறும் தின்னும். குதிரையை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு வருமானம் நின்று செலவு மட்டும் மிஞ்சும். அதனால் விற்றுவிடுகிறார்கள். வாங்குபவர் அதனிடம் இன்னும் வேலை வாங்கத்தான் வாங்குகிறார். சவாரிக் குதிரை சுற்றுலா இடத்து வாடகைக் குதிரையாகி, பிறகு வண்டிக்குப் போய், கைமாறும்தோறும் முன்னைவிடக் கடினமான வேலையில் மாட்டிக்கொள்கிறது. ஆங்கில எழுத்தாளர் அன்னா சிவெல் 1877இல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவல் இப்படி இறங்கிக்கொண்டே போகும் ஒரு குதிரையின் கதையே. ஊட்டியில் சாலையோரக் குப்பையில் தீனி தேடும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

ஆகவே, குதிரை சம்பாதிக்கும் காலத்திலேயே அதன் கடைசி ஐந்தாறு ஆண்டுகளுக்கான தீவனச் செலவை ஒதுக்கிவைப்பது நல்லது. மேய்ச்சல் நிலம் உள்ள உறவினரிடமோ நண்பரிடமோ முன்கூட்டியே பேசிவைக்கலாம். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியே கட்டினால் ஏங்கும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஓர் ஆடாவது துணைக்கு இருக்கலாம். வேலை நின்றாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவவும், ஆண்டுக்கு இருமுறை பல்லைப் பார்க்கவும் வேண்டும். திருநெல்வேலி வட்டாரத்தில் இதற்கு இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். படுத்த குதிரை தானாக எழ முடியாத நிலை வந்து, வலியும் தீராததாக இருந்தால், மருத்துவர் வலியின்றி உயிரை முடித்துவைக்க ஆலோசனை கூறக்கூடும். அந்த ஆலோசனையைக் கேட்கும்போது உரிமையாளருடன், குதிரைக்கு நாள்தோறும் தீனி வைத்தவரும் உடனிருப்பது நல்லது. அது கடைசியாக எப்போது தானாக எழுந்து நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.