செடிக்குச் சூடு, நமக்குப் பாதுகாப்பு

டெல்லிக் குளிரில் நம்மைவிட நம் செடிகள் அதிகம் வாடுகின்றன. ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, பால்கனியில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை இலை உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. மிளகாய், கத்தரி விதைகளும் மண்ணில் சூடு இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அதனால் நம்மவர்களில் சிலர் பால்கனியைப் பாலிதீன் தாளால் மூடிச் சிறு பசுமைக்குடிலாக்கி, தொட்டிகளின் அடியில் 'ஹீட்டிங் மேட்' எனப்படும் மின்சார விரிப்பைப் போடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்வதால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

20 வாட் என்ன செய்துவிடும்?

சிறிய மேட் ஒன்று சுமார் 20 வாட்தான். 230 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் 0.09 ஆம்பியர். இதற்கு என்ன பயம் என்று தோன்றும். அந்த அளவு மேட்டின் உள்ளே உள்ள கம்பியின் தடையால் வருவது. மேலுறை கிழிந்து தண்ணீர் உள்ளே போய்விட்டால், நம் உடலின் வழியே எவ்வளவு பாயும் என்பதை நம் உடலின் தடைதான் முடிவு செய்யும். நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

வீட்டில் 6 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே என்பீர்கள். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

எர்த்தின் வேலை

இஸ்திரிப் பெட்டி, கீசர் போன்றவற்றின் உலோக உடல் எர்த் ஒயரோடு இணைந்திருக்கும். உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் அந்தச் சுலபமான வழியில் பூமிக்குப் போய்விடும். பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதும் இதற்காகவே: செருகும்போது முதலில் சேரும், உருவும்போது கடைசியில் விடும். ரயில்வேயில் 25,000 வோல்ட் மின்பாதையின் தூண்களையும் அருகிலுள்ள இரும்பு வேலிகளையும் எர்த் செய்வதும் இதே தத்துவம்தான்.

மேட்டுக்கோ உலோக உடல் இல்லை. முழுவதும் பிளாஸ்டிக் உறை. ஆகவே பல மேட்கள் இரண்டு பின்னோடுதான் வருகின்றன. அது குறையல்ல. ஆனால் மேட் பழுதானால், கசியும் மின்சாரம் ஈர மண் வழியாக இரும்பு ஸ்டாண்டுக்கு ஏறிக் காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவரே எர்த் ஆகிவிடுவார்.

காப்பது ஆர்.சி.சி.பி.

ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று இது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் ஒயர் இல்லாமலும் இது வேலை செய்யும். ஆனால் அப்போது யாராவது தொட்ட பிறகுதான் துண்டிக்கும். ஸ்டாண்டை எர்த் செய்திருந்தால், கசிவு ஸ்டாண்டை எட்டியவுடனே விழுந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் மட்டும் ஆர்.சி.சி.பி.யும் உதவாது.

அமெரிக்காவிலிருந்து வந்த மேட்

பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி வரும் மேட் 120 வோல்ட்டுக்கானது. பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. 230 வோல்ட்டில் செருகினால் சூடு இரு மடங்கல்ல, ஏறக்குறைய 3.7 மடங்கு, 20 வாட் மேட் 73 வாட் ஆகும். உறை உருகும், தீயும் பிடிக்கலாம். மேட்டில் அச்சிட்ட வோல்ட்டேஜைப் படித்த பிறகே செருகுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பால்கனி பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

2. பிளக் பாயிண்ட் தொட்டிகளைவிட உயரத்தில் இருக்கட்டும். ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறிச் செல்லட்டும்; வழியும் தண்ணீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

3. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

4. மேட்டை மடிக்காதீர்கள், வெட்டாதீர்கள். கூர்மையான கல்லோ ஓட்டுச் சில்லோ அடியில் இருக்கக் கூடாது. உறை கிழிந்த மேட்டை டேப் ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

5. தெர்மோஸ்டாட்டின் உணரி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால், குளிர்ந்த காற்றை அளந்து மேட்டை அணைக்காமலே விட்டுவிடும்.

6. எர்த் ஒயர் இல்லாத வீடுகளில் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், அங்கே செருகிய சாதனத்தின் உலோக உடலில் 230 வோல்ட் நிற்கும். குழாயில் எர்த் கட்டுவதும் கூடாது.

மேட்டை விரிக்கும் முன், இன்றே மெயின் போர்டைத் திறந்து அந்த டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.