நாய்க்குத் திராட்சை கொடுக்காதீர்கள்!

ஆவடிப் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பலர் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறார்கள். நாளடைவில் அது வீட்டுப் பிள்ளைபோல ஆகிவிடுகிறது. குழந்தைகள் எதைத் தின்றாலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. கடையில் வாங்கிவந்த கம்பம் பன்னீர் திராட்சையிலும் பங்கு கொடுக்கிறார்கள்.

இது கூடாது!

திராட்சை நமக்கு நல்ல பழம். நாய்க்கோ விஷம். அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உலர்ந்த திராட்சையும் அப்படியே. ஆகவே பாயசம், கேசரி, லட்டு எதையும் நாய்க்கு வைக்காதீர்கள்.

"இரண்டு பழம் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று அளவே கிடையாது. ஒரு நாய் நிறையத் தின்றும் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு நாய் கொஞ்சம் தின்றாலே படுத்துவிடும்.

புளியும் ஆகாது

இதற்குக் காரணம் என்ன? திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை டாக்டர்கள் 2021-ல் கூறினார்கள். அந்த அமிலம் நம் வீட்டுப் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை 2022-ல் அவர்கள் எழுதினார்கள். எனவே, புளி கரைத்த சக்கையை நாய் எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள்.

எதைக் கொடுக்கலாம்?

வாழைப்பழத்தைத் தோல் உரித்துக் கொடுக்கலாம். பப்பாளி, தர்ப்பூசணி என்றால் தோலும் விதையும் நீக்கவேண்டும். ஆப்பிளில் விதையை எடுத்துவிடுங்கள். மாம்பழத்தில் சதை மட்டும்தான். கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

எந்தப் பழமானாலும் சிறு துண்டுகளாகக் கொடுங்கள். அன்றாடத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ள நாய்க்கு டாக்டரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

தின்றுவிட்டால்?

முதலில் வாந்தி வரும். நாய் சோர்ந்து படுக்கும். பிறகு சிறுநீர் குறையும். அதுவரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். திராட்சை தின்றது தெரிந்தவுடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். சீக்கிரம் போனால், அவர் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார். நீங்களாக உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். எத்தனை பழம் தின்றது, எப்போது தின்றது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பக்கத்தில் டாக்டர் இல்லையா? சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்றே வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். ஆசையோடு பழத்தை நீட்டுவது பெரும்பாலும் அவர்கள்தானே!