ஆகாயத்தாமரையும் ஆகாயக் கண்ணும்

அழகாயிருப்பதெல்லாம் நன்மை தரும் என்று சொல்வதற்கில்லை. ஊதாப் புஷ்பங்களுடன் நம் ஏரிகளில் மிதக்கும் ஆகாயத்தாமரையே இதற்கு உதாரணம். தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடியை, அதன் அழகில் மயங்கியே மனிதர் நாடு நாடாகக் கொண்டு சென்றனர். சாதகமான காலத்தில் இரண்டே வாரங்களில் இது இரு மடங்காகப் பெருகி, நீரின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மீன்களுக்கு வேண்டிய பிராணவாயுவையும் குறைத்துவிடுகிறது.

தாம்பரத்துக்கு அடுத்த செம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி ஜலம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குச் செல்கிறது. 2022-ம் வருஷம் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இச்சதுப்பு நிலத்தின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். வடிகாலைச் செடி அடைத்தால் வெள்ளம் வீடுகளுக்குள் புகும். 2015 டிசம்பரில் பட்ட துன்பத்தை இப்பிரதேசத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

சேற்றில் இறங்கி இச்செடியை அளப்பது எளிதன்று. 'டிரோன்' என்னும் ஆளில்லா விமானம் இங்கே கைகொடுக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு அது எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி ஒரே படமாக இணைத்துவிடும். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டர் நிலத்தைக் குறிக்கும். டிரோன் படத்திலோ சில சென்டிமீட்டர்தான். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை இலைகள் திருப்பி அனுப்பும் அளவைக் கொண்டு, ஆகாயத்தாமரையையும் சம்பங்கோரையையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஆயினும் சில இடங்களிலேனும் ஒருவர் நேரில் சென்று சரிபார்த்தாலன்றிப் படத்தை நம்புவதற்கில்லை. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகிலிருப்பதால், டிரோனைப் பறக்கவிடுமுன் உரிய அனுமதியும் வேண்டும்.

இவ்வித்தைக்கு அயலாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஸ்ரீ சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் ஸ்தாபித்த எம்.ஐ.டி.யில் நம் வாலிபர்களே ஆளில்லா விமானங்களைச் செய்து பறக்கவிடுகின்றனர்.

எனினும் படம் நோயைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. மாதந்தோறும் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பசுமை எந்த மூலையில் முதலில் தடிக்கிறது என்பது விளங்கும். அங்கே சாக்கடை வந்து விழுகிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை. நம் வீட்டுக் கழிவு நீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே அச்செடிக்கு உரம். அதை நிறுத்தாமல் இயந்திரங்களால் வாரிக் கொட்டினால், மிஞ்சிய துண்டுகளிலிருந்தும், சேற்றில் பல்லாண்டு உறங்கும் விதைகளிலிருந்தும் அது மறுபடியும் எழும்.

வானத்துக் கண் குற்றத்தின் இடத்தைச் சுட்டிக்காட்டும். அங்கே நிற்பது நம் வீட்டுக் குழாயாக இருந்தால், அதைத் திருத்தும் பொறுப்பு நம்முடையதே.