முதுகில் கிளிப், முன்னால் கோட்டு

அமெரிக்காவில் 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே, கோடை விடுமுறையில் மாணவர்கள் பலர் ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி ஆண்டு மலருக்கான படம் எடுக்கத்தான்.

பல பள்ளிகளில் பெண்களுக்குத் தோள் தெரியக் கறுப்புத் துணி, பையன்களுக்குக் கோட்டும் போ டையும். பெரும்பாலும் ஸ்டூடியோவே தருவது. ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டிக்கொள்வார். முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கினால் ஒல்லிக்கும் பொருந்தும், பருமனுக்கும் பொருந்தும். படம் மார்போடு முடிவதால் கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் இருந்தால்தான் என்ன!

வழக்கம் பழையது. பாஸ்டன் வட்டாரப் புகைப்படக்காரர் ஜார்ஜ் வாரன் 1860-களிலேயே ஹார்வர்டு, யேல் கல்லூரி மாணவர்களைத் தனித்தனியே படமெடுத்தார். மாணவர்கள் தோழர்களின் படங்களை வாங்கி, கையெழுத்தும் பெற்று, ஆல்பமாகக் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

உடை விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனதுண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் மாணவி ஒருவர் கோட்டு அணிந்து படமெடுத்துக்கொண்டார்; பள்ளி 2010 ஆண்டு மலரில் அந்தப் படத்தைப் போடவில்லை. வழக்கு 2011-இல் சமரசத்தில் முடிந்தது. இனி அந்தப் பள்ளியில் ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியும்தான் என்று முடிவானது.