ஏணிப் பேச்சும் கைப் பேச்சும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அண்ணாச்சி. ராதாபுரத்தைச் சுற்றிக் காற்றாலைக் கோபுரத்தில் ஏறுகிறவருக்கு பெல்ட் உண்டு, பயிற்சி உண்டு. உங்கள் கடையில் மேல்தட்டுச் சரக்கு எடுக்க ஏறும் பையனுக்கு இரண்டும் கிடையாது. ஆறடிதானே என்பீர்கள். விழுகிறவன் தன்னையறியாமல் கையை ஊன்றுவான். உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறியும். 1814-லேயே டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை எழுதிவைத்தார். இன்றும் அதற்குக் காலிஸ் முறிவு என்றே பெயர். ஏணிப் பேச்சும் கைப் பேச்சும் ஒன்றுதான்.

சுவரில் சாத்தும் ஏணிக்கு நாலுக்கு ஒன்று என்று கணக்கு. தலை எட்டடி உயரத்தில் சாய்ந்தால், அடி சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். நெருக்கி வைத்தால் ஆள் பின்னால் சாய்வான். விலக்கி வைத்தால் ஏணியின் கால் வழுக்கும். டைல்ஸ் தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். மடக்கு ஏணியை முழுக்க விரிக்காமல் ஏறக் கூடாது, உச்சிப் படியில் நிற்கவே கூடாது. நிற்கும்போது இரண்டு காலும் ஒரு கையுமாவது ஏணியில் பிடிப்போடு இருக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கும்போது இரண்டு கையும் பிடித்திருக்க வேண்டும். அப்படியானால் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்க வழியில்லை. கனமான சரக்கை இடுப்பு உயரத்திலேயே அடுக்கிவிடுங்கள், பாதி ஏற்றம் மிச்சம்.

மோதிர விஷயம் பலருக்குத் தெரியாது. கால் சறுக்கும்போது மோதிரம் அலமாரி ஆணியில் மாட்டினால், ஆள் கீழே போவான், விரல் மேலே நிற்கும். தோலும் ரத்தக்குழாயும் உரிந்து வந்துவிடும். சிலருக்கு விரலையே எடுக்க வேண்டிவரும். கல்யாண மோதிரமானாலும் ஏறுமுன் கழற்றிக் கல்லாவில் வைக்கச் சொல்லுங்கள். 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கிட்டது. ஆட்காட்டி விரலுக்கு 14. பொட்டலம் மடித்து நூல் சுற்றுகிறவனுக்கு அது போதாத கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னைக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்து, ஊழியருக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அது கால்வலிக்கு மட்டும் உதவும் சட்டமல்ல. நின்று மரத்த கால்தான் ராத்திரி படியைத் தவறவிடும். உங்கள் கடையில் ஒரு ஸ்டூல் போடுங்கள், உட்காருவதற்கு மட்டும். ஏணிக்காலின் ரப்பர் தேய்ந்திருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.